நடை, உடை, படம்



ஓய்வுபெற்ற மொழியியலாளன் ஒருவனை மேடையேற்றினால், அவன் ஒலியனைப் பற்றியோ உருபனைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். இன்று நான் உடையைப் பற்றியும் செய்திப்படத்தைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இத்தலைப்பை எனக்குத் தந்தவர் ஒரு மாணவி. அவர் கேட்ட ஒரு கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. காலந்தாழ்ந்த அந்த விடையே இந்த உரை.

எங்கள் வீவக கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஒரு குடும்பம் வசிக்கிறது. அக்குடும்பத்தின் மூத்த மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகக் கல்வி பயில்கிறார். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை மின்தூக்கியில் அவருடைய தந்தையார் என்னைக் கண்டு, "சார், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. எந்நேரமும் உடுத்துறதுலயும் படம் எடுக்கிறதுலயும்தான் கவனம். தமிழ்ப் புத்தகத்தைத் தொட்டு ஒரு வருசமாச்சு" என்றார்.

அறிவுரை சொல்வதற்காகவே அந்த மாணவியை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் தம் பாட்டியின் பழைய வாயில் சேலையைத் தொளதொளப்பான மேற்சட்டையாகத் தைத்து, ஜீன்ஸ் கால்சட்டையின்மேல் அணிந்து வந்தார். சேலையின் கரை, சட்டையின் கைவிளிம்பில் ஓடியது. தோளில் ஒரு கேமரா. கையில் பத்துப் படங்கள் கொண்ட ஓர் உறை. தேக்கா சந்தைக்கு வரும் முதியவர்கள் பத்துப் பேரை, அவர்கள் உடுத்தியிருந்த விதத்திற்காகவே அவர் படம் எடுத்திருந்தார். அது கல்லூரிக்கான ஒப்படைப்பு.

படக்குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைத் தமிழில் எழுத உதவ வேண்டும் என்றார். "ஆசிரியர் கேட்டாரா?" என்றேன். "இல்லைங்க ஐயா. படத்தை அவங்களுக்கே குடுக்கப் போறேன். அவங்களைப் பத்தி நான் என்ன எழுதியிருக்கேன்னு அவங்க படிக்கணும் இல்லையா?" என்றார். சொல்வதற்கு நான் வைத்திருந்த அறிவுரை அவ்விடத்திலேயே தீர்ந்துபோயிற்று.

குறிப்புகளை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் என் புத்தக அலமாரியிலிருந்து என்னுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை எடுத்துப் புரட்டினார். அதில் ஒரே ஓர் ஒளிப்படம் உண்டு. ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், 1985ஆம் ஆண்டு, நானே எடுத்த படம். கைலியும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக ஒரு பெண்மணி நிற்கிறார். "இவங்க யாருங்க ஐயா?" என்று கேட்டார். "பால் வெட்டும் தொழிலாளி. என் தகவலாளர்களில் ஒருவர்" என்றேன். "பேரு?" என்றார். நான் விழித்தேன். அப்படத்தின் கீழ் 'தகவலாளர் 7' என்று மட்டுமே அச்சாகியிருந்தது.

சொற்கள் சொல்லும் செய்தி

மொழியியலாளனுக்கு இடர் வந்தால் அவன் முதலில் சொற்களிடம் ஓடுவான். நானும் அதையே செய்கிறேன்.

ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது 'நடையுடை பாவனை' என்னும் தொடரைத் தமிழர் மிக இயல்பாக வழங்குகிறோம். நடத்தல், உடுத்தல், முகமும் கையும் காட்டும் குறிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருவரை இன்னாரென்று காட்டுகின்றன என்பது அத்தொடரின் உட்கருத்து. அதிலுள்ள முதற்சொல்லைப் பாருங்கள். காலால் நடப்பதும் நடை, எழுத்தாளரின் மொழிப்போக்கும் நடை, ஒழுக்கமும் நடை. 'ஸ்டைல்' என்னும் ஆங்கிலச் சொல் எழுதுகோலைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்ச் சொல் நடக்கின்ற காலிலிருந்து வந்தது. நம் மொழியில் தனிநடை என்பது மேசைமுன் அமர்ந்து எழுதுவோர்க்கு மட்டும் உரியதன்று. தெருவில் நடந்துவரும் ஒவ்வொருவர்க்கும் அது உண்டு.

'அணி' என்னும் சொல்லும் இவ்வாறே. கழுத்தில் பூணுவதும் அணி. செய்யுளில் அமைவதும் அணி. அணியிலக்கணம் கூறும் தண்டியலங்காரம், வைதருப்பம், கௌடம் என நடையை இருவகைப்படுத்தி, செறிவு, தெளிவு முதலான பத்துக் குணங்களை வைத்து அவற்றை வேறுபடுத்துகிறது. உடுத்துவதையும் உரைப்பதையும் ஒரே சொல்லால் குறித்த மரபில் வந்தவர்கள் நாம். ஆகவே, உடையில் நாட்டமுள்ள மாணவர் மொழியிலிருந்து விலகிப் போகிறார் என்று எண்ணத் தேவையில்லை.

இனி, படம் என்னும் சொல். தமிழில் படத்தை 'எடுக்கிறோம்', அல்லது 'பிடிக்கிறோம்'. பாம்பும் படம் எடுக்கும் என்று மாணவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை ஒருபுறமிருக்க, இரண்டு வினைகளும் ஒருவரிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்ளும் வினைகள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வினை எது? அந்த மாணவி தேக்கா சந்தைக்குப் படங்களோடு திரும்பிச் சென்றபோது செய்தது அதுதான் என்று நான் கருதுகிறேன்.

உடையும் ஒரு வழக்கு

பேச்சில் ஒருவருடைய தனித்தன்மை எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைச் சமூக மொழியியல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறது. அவ்வாய்வின் தொடக்கத்திலேயே கடைவீதி இருக்கிறது. 1962இல் வில்லியம் லபாவ் நியூயார்க் நகரின் மூன்று பேரங்காடிகளுக்குச் சென்றார். ஒன்று செல்வர்கள் செல்வது. ஒன்று நடுத்தர மக்களுக்குரியது. மற்றொன்று மலிவு விலைக் கடை. நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருளை அவர் விசாரிப்பார். பணியாளர் 'நான்காம் மாடி' என்று ஆங்கிலத்தில் விடை சொல்வார். காதில் விழாததுபோல் மீண்டும் கேட்பார். பணியாளர் இம்முறை அழுத்தமாகச் சொல்வார். அவ்விரண்டு சொற்களிலும் ரகர ஒலி கேட்கிறதா இல்லையா என்பதை, அவர்கள் பார்வையிலிருந்து விலகிச் சென்று குறித்துக்கொள்வார். இவ்வாறு 264 பேரிடம் கேட்டார். உயர்ந்த கடையில் அவ்வொலி மிகுதியாகவும் மலிவுக் கடையில் குறைவாகவும் ஒலித்தது. விற்கும் துணிக்கேற்ப விற்பவரின் ஒலியும் மாறியிருந்தது.

லபாவ் நமக்கு விட்டுச்சென்ற மற்றொரு கருத்து 'நோக்குநர் முரண்' என்பது. ஒருவரும் பார்க்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அறிய வேண்டும். ஆனால் பார்க்காமல் அறிய வழியில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமத்துக்குச் சென்ற எவருக்கும் இம்முரண் தெரியும். கேமராவோடு தெருவுக்குச் சென்றவர்க்கும் தெரியும். கருவியைக் கண்டவுடன் குரல் மாறுகிறது, தோள் நிமிர்கிறது.

லபாவுக்குப் பின் வந்த பெனலபி எக்கர்ட், 1980களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளி ஒன்றில் மாணவர்களோடு பழகி ஆய்வு செய்தார். அங்கே மாணவர்கள் இரு முனைகளாகப் பிரிந்திருந்தனர். ஒரு சாரார் பள்ளி நடவடிக்கைகளில் முன்நின்று, கல்லூரியை நோக்கிச் செல்பவர்கள். மறு சாரார் பள்ளியில் ஒட்டாமல் நகரத்தையும் வேலையையும் நோக்கி நின்றவர்கள். எக்கர்ட் அவர்களுடைய உயிரொலிகளைப் பதிவு செய்ததோடு நிற்கவில்லை. அவர்களுடைய ஜீன்ஸ் கால்சட்டையின் அடிவிளிம்பு எவ்வளவு அகலம் என்பதையும் கவனித்தார். பள்ளியின் எந்தப் பகுதியில் கூடி நிற்கிறார்களோ, அதற்கேற்ப அகலம் மாறிற்று. நகரத்தை நோக்கியவர்கள் அகன்ற 'பெல்பாட்டம்' அணிந்தார்கள். நகரத்தின் புதிய ஒலிகளையும் அவர்களே முந்திக்கொண்டு ஒலித்தார்கள். கால்சட்டையின் விளிம்பும் வாயிலிருந்து வரும் உயிரொலியும் ஒரே செய்தியைச் சொல்லின.

இதிலிருந்து மொழியியல் ஒரு முக்கியமான படிப்பினையைப் பெற்றது. மனிதர் தம் வகுப்பையும் ஊரையும் அறியாமலே வெளிப்படுத்துகிறார்கள் என்று முன்பு எண்ணினோம். எக்கர்ட்டின் பணிக்குப் பின், மனிதர் தாம் யாராக அறியப்பட விரும்புகிறார்கள் என்பதைத் தெரிந்தெடுக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினோம். தனிநடை என்பது அத்தெரிவு. இச்சொல்லை நினைவில் வையுங்கள். என் பிழைக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

தெருமுனையில் ஒருவர்

தனிநடையையும் செய்திப்படத்தையும் ஒருசேர விரும்பும் அந்த மாணவிக்கு நான் ஒரு பெயரைச் சொன்னேன்: பில் கன்னிங்ஹாம். 1929இல் பாஸ்டனில் பிறந்து 2016இல் மறைந்தவர். முதலில் பெண்களுக்கான தொப்பிகள் செய்தார். பிறகு கேமராவைக் கையில் எடுத்து, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் பல பத்தாண்டுகள் தெருவில் செல்வோரின் உடையைச் செய்தியாக வெளியிட்டார். மிதிவண்டியில் சுற்றுவார். ஐந்தாம் அவென்யூவும் 57ஆம் தெருவும் சந்திக்கும் முனை அவருடைய நிலையமாக இருந்தது. லபாவ் சென்ற பேரங்காடிகளில் முதலாவது அதே அவென்யூவில் உள்ளது. ஒருவர் அத்தெருவில் ஒலியைக் கேட்டார்; மற்றவர் உடையைக் கண்டார்.

கன்னிங்ஹாம் 1978இல் ஒரு படம் எடுத்தார். தெருவில் ஒரு பெண்மணி மேலங்கி அணிந்து நடந்தார். அம்மேலங்கியின் தோள் வெட்டப்பட்டிருந்த அழகு அவர் கண்ணை ஈர்த்தது. அதற்காகவே படம் எடுத்தார். அவர் புகழ்பெற்ற நடிகை கிரெட்டா கார்போ என்பது பிறகுதான் தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அப்படமும் வேறு சில தெருப்படங்களும் நாளிதழில் வெளிவந்தன. அவருடைய நெடும்பணிக்கு அது தொடக்கமாயிற்று. முகத்தின் புகழைப் பாராமல், உடுத்தியவரின் தெரிவைப் பார்த்த கண் அது. பெருஞ்செல்வரின் விருந்துக்குச் சென்றாலும் அங்கே ஒரு குவளை நீர்கூட அருந்தமாட்டார் என்பார்கள். பார்ப்பவர் கடன்பட்டால் பார்வை கோணும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இத்தனை ஆடைகளைப் படம்பிடித்தவர் தாம் என்ன அணிந்தார்? பிரெஞ்சுத் துப்புரவுத் தொழிலாளர் அணியும் நீலநிற மேற்சட்டை. அதுவே அவருக்குச் சீருடை. பைகள் பெரியவை, துணி உறுதியானது, தெருவில் எவர் கண்ணையும் உறுத்தாதது. அது தொழிலுக்கேற்ற தெரிவு.

நமக்கு அணுக்கமான மற்றோர் எடுத்துக்காட்டு ஹோமாய் வியரவாலா. 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த பார்சிப் பெண்மணி. இந்தியாவின் முதல் பெண் செய்திப்படக் கலைஞர் என்று போற்றப்படுபவர். சேலை கட்டிக்கொண்டு, கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு, ஆண்கள் மட்டுமே நின்ற கூட்டத்தில் முன்னே சென்று நின்றவர். தொடக்கத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. பிறகு 'டால்டா 13' என்னும் புனைபெயரில் வந்தன. இந்தியாவின் விடுதலை நாள்களையும் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் பதிவு செய்தார். 1970இல் தொழிலை விட்டு விலகிய அவருக்கு, 2011இல்தான் பத்ம விபூஷண் கிடைத்தது. படம் எடுப்பவரின் பெயரே இவ்வளவு காலம் மறைந்திருக்குமானால், படத்தில் இருப்பவரின் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

படத்தின் கீழ் இரண்டு வரி

செய்திப்படத்தில் இரண்டு பகுதிகள் உண்டு: படம், படக்குறிப்பு. படம் சிறந்ததாக இருந்தால் குறிப்பு எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. குறிப்பு மாறினால் படமே மாறிவிடும் என்பதே என் விடை.

கன்னிங்ஹாம் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. ஆடைத்தொழிலுக்குரிய ஓர் இதழில் அவர் பணியாற்றியபோது, புதிய உடையை மேடையில் அழகி ஒருத்தி அணிந்த படத்தையும் அதே உடையைத் தெருவில் சாதாரணப் பெண்கள் அணிந்த படங்களையும் கொடுத்தார். அப்பெண்கள் உடையைத் தமக்கேற்ப அமைத்துக்கொண்ட திறத்தைப் பாராட்டி எழுதினார். அச்சில் வந்தபோது சொற்கள் மாறியிருந்தன, பாராட்டு கேலியாகிவிட்டது. படங்கள் அவைதாம், ஒரு புள்ளிகூட மாறவில்லை. மனம் புண்பட்ட அவர் அவ்விதழை விட்டு விலகினார். தம் வழியே உலகுக்கு அறிமுகமான பெண்கள் நகைப்புக்கு உள்ளானதை அவரால் தாங்க முடியவில்லை.

இன்னொரு படம் உலகறிந்தது. 1936 மார்ச்சில், அமெரிக்காவின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரில் டொரத்தியா லாங் அரசுத் துறை ஒன்றுக்காக எடுத்தது. கூடாரத்தில் ஒரு தாய், இருபுறமும் முகம் மறைத்த குழந்தைகள், கன்னத்தில் கை. வயது 32, பட்டாணி பறிப்பவர், ஏழு குழந்தைகளின் தாய் என்ற செய்திகள் குறிப்பில் இருந்தன. பெயர் இல்லை. அப்பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங் பின்னாளில் எழுதினார்.

படம் வெளியானதும் அம்முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அக்குடும்பம் வேறிடம் போய்விட்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1978இல், ஒரு செய்தியாளர் அத்தாயைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன். செரோக்கி பழங்குடி மரபினர். தம் முகம் உலகமெங்கும் அச்சாகியும் தமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று வருந்தினார். 1983இல் அவர் நோயுற்றபோது, படத்தால் நெகிழ்ந்திருந்த பொதுமக்கள் பலர் பணமும் மடலும் அனுப்பினர். படம் நன்மை செய்தது என்பதை மறுக்க முடியாது. அந்நன்மை அவரை வந்தடைய ஒரு பெயர் தேவைப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். லபாவ் 264 பேரின் பெயர்களைக் குறிக்கவில்லை, குறிக்கவும் தேவையில்லை. ஒலிகளை எண்ணும்போது பெயரை மறைப்பதே தகவலாளருக்கு நாம் செய்யும் காப்பு. ஆய்வு நெறி அதைத்தான் கேட்கிறது. முகத்தை அச்சிடும்போது நிலைமை வேறு. முகத்தைக் காட்டிவிட்டுப் பெயரை மறைத்தால், மறைந்திருப்பவர் அவரல்லர். அவருடைய வரலாறு மட்டுமே மறைகிறது. பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னால், அது அவர் தெரிவு. கேட்காமலே விட்டால், அது நம் தெரிவு.

தகவலாளர் 7

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ரப்பர்த் தோட்டங்களில் முதியோர் பேசும் தமிழை நான் ஆராய்ந்தேன். 'பாசார்', 'கம்பம்', 'மண்டோர்', 'தவுக்கே' என மலாயும் சீனமும் பிறவும் கலந்து, தமிழின் ஒலிக்கு இயைந்து நின்ற வளமான வழக்கு அது. தோட்ட மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம். இன்னும் சில ஆண்டுகளில் இவ்வழக்கு மறைந்துவிடும் என்ற அவசரம் எனக்கு இருந்தது.

அந்த மாணவி பெயரைக் கேட்டுச் சென்ற மறுவாரம், "அவங்க குரல் இருக்கா ஐயா?" என்று கேட்டுக்கொண்டு மறுபடியும் வந்தார். என் ஒலிநாடாக்களைச் சில ஆண்டுகளுக்கு முன் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். ஏழாம் எண்ணைத் தேடி எடுத்தேன். இருவரும் அமர்ந்து கேட்டோம்.

பால் நிறுக்கும் கொட்டகையின் இரைச்சல். வாளிகளின் ஓசை. பிறகு அவர் குரல்: "கொஞ்சம் இருங்க தம்பி. மூஞ்சி கழுவி, நல்ல சேலை ஒண்ணு கட்டிக்கிட்டு வந்துர்றேன்." அடுத்து என் குரல், இளமையான, அவசரமான குரல்: "வேணாம்மா, இப்படியே நில்லுங்க. இதுதான் எனக்கு வேணும்." ஒரு சிறு அமைதி. அதன்பின் கேமராவின் ஒலி.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாடாவை வைத்திருந்தேன். அதிலிருந்து வினைமுற்றுகளை எண்ணியிருக்கிறேன், கடன்சொற்களை அகரவரிசைப்படுத்தியிருக்கிறேன். அந்த முதல் நிமிடத்தை ஒருமுறையும் கேட்டதில்லை. ஆய்வுக்குரிய பேச்சு அதன் பிறகுதான் தொடங்குகிறது என்று எண்ணி, எப்போதும் அதைத் தாண்டியே தொடங்கினேன்.

தொடர்ந்து கேட்டோம். பதிவு தொடங்கியதும் அப்பெண்மணி தம் பேச்சை மாற்றிக்கொள்கிறார். 'சொல்றேன்' என்பது 'சொல்லுகிறேன்' ஆகிறது. நான் குறுக்கிட்டு, "சும்மா வீட்டுல பேசுற மாதிரி பேசுங்கம்மா" என்கிறேன். அவரும் இணங்குகிறார். சேலையைக் கட்டவிடவில்லை, செந்தமிழையும் பேசவிடவில்லை. இரண்டும் அவருடைய தெரிவுகள். படிக்கும் உலகத்தின் முன் தாம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்று அவர் ஒரு முடிவு செய்திருந்தார். எனக்கு வேண்டியிருந்ததோ ஒரு வகைமாதிரி. தோட்டத் தொழிலாளி என்றால் கைலியும் தலைத்துண்டும் இருக்க வேண்டும். தோட்டத் தமிழ் என்றால் கொச்சை இருக்க வேண்டும்.

அவருடைய வேலை உடையில் இழிவு ஏதுமில்லை. அவர் உழைப்பைக் காட்டும் உடை அது. அதில் அவரைப் படம் எடுத்தது பொய்யுமன்று. இரண்டு படங்கள் எடுத்திருக்கலாம் என்பதே என் வருத்தம். கால்மணி நேரம் காத்திருந்தால் போதும். வேலை உடையில் ஒன்று, விரும்பிய சேலையில் ஒன்று. வீட்டுப் பேச்சில் ஒரு நாடா, மேடைப் பேச்சில் ஒரு நாடா. அவ்விரண்டையும் அருகருகே வைத்திருந்தால், ஒரே மனிதர் சூழலுக்கேற்ப நடையை மாற்றும் திறத்துக்கு அருமையான சான்று கிடைத்திருக்கும். மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதோடு, நல்ல தரவையும் இழந்தேன்.

பெயரைத் தேடினேன். என் களக்குறிப்பேட்டில் எண் மட்டுமே இருக்கிறது. நாடாவில் பிறர் அவரை 'அக்கா' என்றும் 'பெரியம்மா' என்றும்தான் அழைக்கிறார்கள். அத்தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. விசாரித்தவரையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வகுப்பறைக்கு

அந்த மாணவியின் பத்துப் படங்களுக்கும் தமிழில் குறிப்பு எழுதி முடிக்க ஆறு வாரங்கள் ஆயின. முதல் வாரத்தில் அவரிடம் சொற்கள் இல்லை. எல்லா உடையும் 'அழகான', 'பாரம்பரிய' என்னும் இரண்டே அடைமொழிகளில் அடங்கின. "தெரியாத சொல்லை என்னிடம் கேட்காதே, உடுத்தியவரிடம் கேள்" என்றேன். சந்தைக்குத் திரும்பத் திரும்பச் சென்றார். கொசுவம், முந்தானை, கரை, கண்டாங்கி என்று தொடங்கி, பாந்தம், எடுப்பு, மிடுக்கு, பகட்டு என்று சொற்கள் வந்து சேர்ந்தன. 'எடுப்பாக இருக்கிறது' என்பதற்கும் 'பகட்டாக இருக்கிறது' என்பதற்கும் இடையேயுள்ள தொலைவை ஒரு பாட்டி அவருக்குச் சிரித்துக்கொண்டே விளக்கினாராம். பத்தாண்டுகளாகப் பள்ளியில் நாம் கற்பித்த பொருள் வேறுபாட்டைவிட அது அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

ஒரு முதியவர் வெள்ளைச் சட்டையின் பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் வைத்திருந்தார். 'தமிழ்ப் பெரியவர், பாரம்பரிய உடையில்' என்பது அப்படத்தின் முதல் குறிப்பு. கேட்ட பிறகு குறிப்பு மாறியது. ஒன்று தமக்கு, மற்றொன்று படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்பவர்க்குக் கொடுக்க. அவர் சொன்னதை அப்படியே பெயரோடு எழுதினார். அப்பெயரை இங்கே நான் சொல்லப்போவதில்லை. அவர் இசைவு தந்தது அம்மாணவியின் படத்துக்கு, என் உரைக்கு அன்று.

ஆசிரியர்களே, இதிலிருந்து ஓர் எளிய பயிற்சியை உங்கள் முன் வைக்கிறேன். மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்திலோ அண்டையிலோ உள்ள ஒருவரை, அவர் விரும்பும் உடையில் படம் எடுக்கட்டும். எந்த உடை என்பதை எடுக்கப்படுபவரே முடிவு செய்யட்டும். பிறகு நான்கு வாக்கியங்கள் எழுதட்டும். யார், எங்கே, எப்போது என்பது முதல் வாக்கியம். என்ன உடுத்தியிருக்கிறார் என்பது இரண்டாவது; அடைமொழி இல்லாமல், உடையின் உறுப்புகளுக்குரிய சரியான பெயர்களோடு. ஏன் அதைத் தெரிந்தெடுத்தார் என்பது மூன்றாவது. அவருடைய வாய்ச்சொல்லிலேயே, பேச்சு வழக்கு மாறாமல். எடுத்தவர் பெயர் நான்காவது. எழுதியதை அச்சிடும் முன், அவருக்கே படித்துக் காட்டட்டும். அவர் திருத்தினால் திருத்தட்டும்.

இச்சிறு பயிற்சியில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் அருகருகே நிற்கும். கேள்வி கேட்கும் முறை, மரியாதை விகுதி, நேர்கூற்று எல்லாம் தேவை கருதி வந்து சேரும். முதியவர் ஒருவரோடு தமிழில் பேசுவதற்கு மாணவருக்கு ஒரு காரணமும் கிடைக்கும். அக்காரணம் குறைந்துவருவதே நம் நகரத்தில் மொழிக்கு நேர்ந்துள்ள இடர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மாணவர்களே, உடையில் நாட்டம் இருந்தால் வெட்கப்படாதீர்கள். உங்கள் உடை நீங்கள் எழுதும் வாக்கியம். கேமரா கையில் இருந்தால், மற்றவர் எழுதும் வாக்கியத்தையும் பொறுமையோடு படியுங்கள். அவர் சேலை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றால், காத்திருங்கள்.

நிறைவாக ஒன்று. அம்மாணவியின் ஒப்படைப்பு முடிந்த நாளில், அவர் என் ஆய்வேட்டைக் கேட்டு வாங்கினார். 'தகவலாளர் 7' என்று அச்சாகியிருந்த வரியின் கீழே ஒட்டுவதற்கு ஒரு சிறு தாள் வெட்டி வைத்திருந்தார். "நீங்களே எழுதுங்க ஐயா" என்றார். நான் எழுதியது இது:

"ஜொகூர், ரப்பர்த் தோட்டம், 1985. பால் வெட்டி முடித்த நேரம். கைலி, முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு. படத்துக்கு முன் முகம் கழுவி நல்ல சேலை கட்டிக்கொள்ள விரும்பினார், நான் காத்திருக்கவில்லை. பெயரை நான் கேட்கவில்லை."

அதன் கீழே என் பெயரை எழுதிக் கையொப்பமிட்டேன். இந்த அவையில் ஜொகூர்த் தோட்டங்களோடு உறவுடையோர் இருக்கக்கூடும். அப்படம் வாயிலருகே மேசைமேல் வைக்கப்பட்டிருக்கிறது. செல்லும்போது ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லுங்கள். அவரை எவரேனும் அறிந்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள். அத்தாளில் ஒரு பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.